நின்றுபோகும் இன்ஜின்: மலைப்பாதை வாசகர்களுக்குப் பதில்கள்

கோத்தகிரி வாசகர்: காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு மூன்று தடவை ஆஃப் ஆகிறது. சூடானதும் சரியாகிவிடுகிறது. பெட்ரோல், இன்ஜெக்ஷன் வண்டி (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுவது). 70,000 கி.மீ. ஓடியிருக்கிறது.

சூடானதும் சரியாகிறது என்று எழுதியதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. முதலில் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்துகிற த்ராட்டில் பாடியைப் பாருங்கள். பட்டர்ஃப்ளை தகட்டின் விளிம்பைச் சுற்றிக் கருப்பாக, பிசுபிசுவென்று ஒரு வளையம் படிந்திருக்கும். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, அந்த இடுக்கு வழியாகப் போகிற காற்றுதான் இன்ஜினை அணையாமல் ஓட வைக்கிறது. கிளீனர் அடித்துத் துணியால் துடையுங்கள்; கத்தியால் சுரண்ட வேண்டாம்.

அப்படியும் நின்றால், இன்ஜின் எவ்வளவு சூடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியில் சாவியைப் போட்டு ஸ்கேனரில் பாருங்கள். வெளியே 8 டிகிரி குளிர், ஸ்கேனரில் 40 என்றால் சென்சாரை மாற்றிவிடலாம்.

ஊட்டி வாசகர்: கார் அடிக்கடி நின்றுவிடுகிறது. என்ன கோளாறு?

என்ன கார்? பெட்ரோலா, டீசலா? குளிரிலா, சூட்டிலா? ஏற்றத்திலா, இறக்கத்திலா, சிக்னலில் நிற்கும்போதா? இது எதுவுமே இல்லாமல் எழுதினால் நான் என்ன சொல்வது? எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன். அதுவரை யார் சொன்னாலும் பெட்ரோல் பம்பை மாற்றாதீர்கள்.

திருப்பூர் வாசகர்: பழைய மாருதி 800, கார்புரேட்டர். மேட்டுப்பாளையம் வரை அருமையாக வருகிறது. குன்னூர் தாண்டினால் ஐடிலிங்கில் இன்ஜின் அணைந்துவிடுகிறது, கரும்புகை வேறு.

வண்டியில் பெரிய கோளாறு இல்லை. ஊட்டி 2,200 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவிலேயே பெட்ரோலை விடும்; காற்று போதாமல் கரும்புகை வரும். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், ஐடிலிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள், கீழே போனதும் பழையபடி வைத்துவிடுங்கள். இரண்டு நாள் பயணத்துக்காக, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற ஜெட்டில் கை வைக்க விடாதீர்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் ஹோஸ்கள் உப்பி விரிசல் விடலாம். அதையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

லவ்டேல் வாசகர்: ஒரு வாரம் ஷெட்டில் நின்ற வண்டி, எடுத்ததும் மிஸ்ஸிங் அடித்து நிற்கிறது.

எலி கடித்திருக்கும். பானட்டைத் திறந்து இன்ஜெக்டர் ஒயரைப் பாருங்கள்.

கூடலூர் வாசகர்: அரை மணி ஓடியதும் ஏற்றத்தில் பட்டென்று ஆஃப் ஆகிறது. இருபது நிமிடம் ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு ஒர்க்ஷாப் பார்த்தாயிற்று. பம்ப், பிளக், காயில் எல்லாம் மாற்றியாயிற்று.

சூட்டில் செத்து, ஆறினால் பிழைப்பது பெரும்பாலும் கிராங்க் சென்சார்; இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் (இன்ஜின் சுற்றைக் காட்டுவது) சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் சந்தேகம் அதன் மேல்தான். திணறித் திணறி நின்றால் பெட்ரோல் வரத்தைப் பாருங்கள். கேஜ் மாட்டினால் சுமார் 3 பார் பிரஷர் நிற்க வேண்டும். பத்து நிமிட வேலை அது. அதைச் செய்யாமலே பம்பை மாற்றியிருக்கிறார்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினார்களா என்றும் கேளுங்கள். கழற்றினால், கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீடு பல வண்டிகளில் அழிந்துபோகும்.

நின்ற இடத்தில் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போடுங்கள்.

குன்னூர் வாசகர்: மேட்டுப்பாளையம் இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவேன். இப்போது வளைவுகளில் இன்ஜின் தானாக ஆஃப் ஆகிறது. ஏன்?

ஏன் ஆஃப் ஆகிறது என்பதற்குப் பதில் சுலபம். கியரில் இருக்கும்வரை சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரல் போட்டதும் அது சொந்தக் காலில் ஐடிலிங்கில் நிற்க வேண்டும். உங்கள் த்ராட்டில் பாடியோ ஐடிலிங் வால்வோ அழுக்கு, அதனால் அணைந்துவிடுகிறது. சுத்தம் செய்தால் தீரும்.

ஆனால் நியூட்ரலில் இறங்குகிற ஆபத்து அதனால் தீராது. 14 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். அங்கே இன்ஜின் நின்றால், பிரேக் மிதிப்பதை லேசாக்குகிற பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் (வெற்றிடம்) இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு பெடல் கட்டை மாதிரி இறுகிவிடும். ஸ்டியரிங் கனத்துவிடும். பதற்றத்தில் சாவியை உருவினால் ஸ்டியரிங் லாக்கே ஆகிவிடும். இன்ஜின் ஓடினாலும் நியூட்ரலில் மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல்தான். பர்லியாறு வருவதற்குள் பேட் கருகுகிற வாசனை வந்துவிடும்.

பெட்ரோல் மிச்சமும் இல்லை. இன்ஜெக்ஷன் வண்டி கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்காக மணிக்கு அரை லிட்டருக்கு மேல் எரிகிறது. ஆக, காசும் கொடுத்து உயிரையும் பணயம் வைக்கிறீர்கள். எதிரே பஸ்ஸில் வரும் அறுபது பேரின் உயிரையும் சேர்த்து. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் இதை எழுதுவேன்.

கொடைக்கானல் வாசகர்: ஏற்ற வளைவுகளில் மட்டும் இழுத்து இழுத்து நிற்கிறது. சமதளத்தில் பிரச்சினை இல்லை. டேங்கில் ரிசர்வ் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கிறது. மலையில் கால் டேங்குக்குக் கீழே போகவே கூடாது.

மஞ்சூர் வாசகர்: பழைய டீசல் ஜீப். கொஞ்ச தூரம் ஓடி நிற்கிறது. டீசலைக் கையால் ஏற்றுகிற ஹேண்ட் பம்ப் அடித்தால் மறுபடி ஓடுகிறது. குளிரில் டீசல் உறைகிறது என்கிறார்கள்.

உறையவில்லை. ஹேண்ட் பம்ப் அடித்தால் ஓடுகிறது என்றால் லைனில் எங்கோ காற்று ஏறுகிறது. டேங்கிலிருந்து ஃபில்டர் வரையுள்ள ஹோஸ், கிளாம்ப், வாஷர் எல்லாவற்றையும் பாருங்கள். ஃபில்டருக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் குழாய் மாட்டி ஓட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தித் தண்ணீரையும் வடியுங்கள். மழைக்காலத்தில் பாதி டேங்கோடு நிற்கிற வண்டியில் தண்ணீர் சேரும். வழியில் நின்றால் கல் வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள், கல்லை எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.