அவசரநிலையில் மனை அபிவிருத்தி விண்ணப்பங்களின் கெடுவை நகராட்சி நீட்டிப்பது நியாயமா?

பெருந்தொற்றால் அலுவலகம் மூடியிருந்தபோது விண்ணப்பத்தின் கெடு கடந்துவிட்டால், சட்டப்படி ஒப்புதல் கிடைத்ததாகத்தானே பொருள், பிறகு எப்படி நீட்டிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீட்டிப்பதை நான் ஆதரிக்கிறேன். எந்த முறையில் நீட்டிக்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் கவலை.

கெடு என்பது கோப்பு மேசையில் உறங்காதிருக்கச் செய்த ஏற்பாடு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், 1968ஆம் ஆண்டு நகராட்சித் திட்டமிடல் சட்டத்தின்படி 90 நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்காவிட்டால், விண்ணப்பதாரர் எழுத்து மூலம் கூடுதல் அவகாசத்துக்கு இசைந்திருந்தாலொழிய, ஒப்புதல் அளித்ததாகவே கொள்ளப்படும். சாதாரண நாட்களில் இது நல்ல சாட்டை. ஆனால் நகராட்சி உறுப்பினர்கள் கூட்டம் நடத்தவே முடியாத நாட்களில், மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று எவருமே சரிபார்க்காத வரைபடமும் தானாக அனுமதி பெற்றுவிடும். அந்த நீர் வந்து தேங்கப்போகும் பக்கத்து நிலத்துக்காரருக்கோ ஆட்சேபணை சொல்ல ஒரு விசாரணைகூட நடந்திருக்காது.

அதனால்தான் 2020 ஏப்ரல் 20 அன்று கையெழுத்தான அம்மாநிலச் சட்டம், பேரிடர் அறிவிக்கப்பட்ட மார்ச் 6ஆம் தேதியிலிருந்தே நாட்கணக்கை நிறுத்தி, மே 20இல் மீண்டும் ஓடவிட்டது. மார்ச் 6க்குள் 60 நாட்கள் கழிந்திருந்த ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய கெடு, ஜூன் மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிப்போகும். ஆனால் அலுவலகத்தின் கையில் மிச்சமிருப்பது அதே 30 நாட்கள்தான். எல்லாக் கோப்புக்கும் பொத்தாம்பொதுவாக மூன்று மாதம் கூட்டித் தருவதைவிட இது நேர்மையானது என்பது என் கருத்து, ஏனெனில் அவசரநிலைக்கு முன்பே கிடப்பில் போட்ட கோப்புக்கு இதில் சலுகை எதுவும் இல்லை.

கனடாவின் ஒன்டாரியோவும் 2020 ஏப்ரலில் கொண்டுவந்த விதியால் மார்ச் 17 முதலான அவசரக் காலத்தைக் கணக்கிலிருந்து கழித்தது. அங்கே கெடு தவறினால் ஒப்புதல் தானாகக் கிடைப்பதில்லை, தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமைதான் கிடைக்கும் என்பதால், இழப்பின் அளவு வேறு.

அலுவலகத்தின் கெடுவை மட்டும் நிறுத்திவிட்டு, ஏற்கெனவே பெற்ற அனுமதி காலாவதியாவதையோ மேல்முறையீட்டுக்கான நாட்களையோ அப்படியே ஓடவிட்டால், அதை நீட்டிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அது அலுவலகத்துக்கு மட்டும் குடை பிடிப்பது. ஃபுளோரிடாவில் அவசரநிலை அறிவித்தால் அனுமதிகளின் ஆயுளும் நீள்கிறது, ஆனால் அந்த அவசரநிலை முடிந்த 90 நாட்களுக்குள் அனுமதி பெற்றவர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இத்தகைய இடத்தில்தான்.

ஆகவே நீட்டிப்பு ஆணை வந்ததும், கணக்கு எந்தத் தேதியில் நின்றது, எப்போது தொடங்கும், எத்தனை நாட்கள் மிச்சம் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தப் பதிலை விண்ணப்ப ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.