வங்கியிலும் காசு விஷயத்திலும் நாளாந்தம் தேவைப்படும் ஆங்கிலச் சொற்களை எப்படிப் படிக்கலாம்?

தமிழில் படித்துவிட்டுக் கொழும்பில் வேலைக்கு வந்திருக்கிறீர்கள், வங்கிக் கவுண்டரில் ஆங்கிலத்தில் கேட்டால் தடுமாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அகர வரிசையில் சொற்பட்டியல் பாடமாக்க வேண்டாம், அது ஒரு கிழமைகூட மனதில் நிற்காது. உங்கள் கையில் வரும் கடதாசியிலிருந்து தொடங்குங்கள். இங்கே பல வங்கிகளின் வைப்புச் சீட்டிலும் விண்ணப்பப் படிவத்திலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே வரியில் அச்சாகியிருக்கும். காசு போடும் சீட்டு ஒன்று, எடுக்கும் சீட்டு ஒன்று வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். முதலில் தமிழைப் பார்த்து நிரப்புங்கள். பிறகு தமிழ்ச் சொற்களை மறைத்துக்கொண்டு ஆங்கிலத்தை மட்டும் பார்த்து நிரப்புங்கள். உங்கள் வங்கியின் ஏடிஎம்மிலும் ஆங்கிலத்தைத் தெரிவு செய்து, முதலில் ‘பெலன்ஸ் இன்குவைரி’ மட்டும் பாருங்கள். காசு அசையாது, பயமில்லாமல் பழகலாம்.

சொல்லைத் தனியாகப் படிக்காமல் அதோடு ஒட்டி வரும் சிறு சொல்லையும் சேர்த்துப் படியுங்கள். காசு போடுவது ‘டெபொசிட் இன்டு’, எடுப்பது ‘வித்ட்ரோ ஃப்ரம்’. காசாகக் கொடுத்தால் ‘பே இன் கேஷ்’, அட்டையால் என்றால் ‘பே பை கார்ட்’. ‘ரிசீட்’ (receipt) என்பதில் எழுத்தில் இருக்கும் ‘p’ ஒலிக்காது, கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் (debt) ‘b’ ஒலிக்காது. பஸ்ஸில் மிச்சக் காசை நாம் ‘பெலன்ஸ்’ என்கிறோம், கொழும்பில் எல்லோருக்கும் விளங்கும். வெளிநாட்டில் அதற்கு ‘சேன்ஜ்’ என்று கேட்க வேண்டும். வங்கியில் ‘பெலன்ஸ்’ என்றால் கணக்கில் இருக்கும் மீதி.

அதிகம் பேர் தடுமாறுவது தொகையை எழுத்தில் எழுதும் இடத்தில்தான். கவுண்டரில் இலட்சத்தை ‘லாக்’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் வங்கிக் கடதாசிகள் மில்லியனில் பேசும். ஒரு இலட்சம் ‘வன் ஹண்ட்ரட் தவுசன்ட்’, பத்து இலட்சம் ‘வன் மில்லியன்’, ஒரு கோடி ‘டென் மில்லியன்’. காற்புள்ளியும் மூன்று இலக்கத்துக்கு ஒருமுறைதான்: 1,500,000. இது ‘வன் மில்லியன் ஃபைவ் ஹண்ட்ரட் தவுசன்ட் ருபீஸ் ஒன்லி’. கடைசி ‘ஒன்லி’யை விடாதீர்கள், அதற்குப் பின்னால் யாரும் எதையும் சேர்க்க முடியாதபடி அடைப்பது அதுதான். வாயால் சொல்லும்போது ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். 15,000 என்றால் உடனே ‘வன் ஃபைவ்’ என்று இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து ‘டெபிட்’, ‘கிரெடிட்’. போனுக்கு வரும் குறுஞ்செய்தியில் ‘கிரெடிட்டட்’ என்றால் உங்கள் கணக்குக்குக் காசு வந்திருக்கிறது, ‘டெபிட்டட்’ என்றால் போயிருக்கிறது. அப்படியானால் ‘கிரெடிட் கார்ட்’ ஏன் கடன் அட்டை என்ற குழப்பம் நியாயமானது. கணக்கை எழுதுவது வங்கி, நீங்கள் போட்ட காசு வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன். அதனால்தான் அது கிரெடிட் பக்கத்தில் ஏறுகிறது. கடன் அட்டையில் திசை மாறி, வங்கி உங்களை நம்பிக் கடன் தருகிறது. இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் பிறகு மறக்காது.

தமிழில் கொடுத்தாலும் வாங்கினாலும் கடன்தான். ஆங்கிலத்தில் கொடுப்பது ‘லெண்ட்’, வாங்குவது ‘பொரோ’, இன்னும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருப்பது ‘ஓ’ (owe). ‘கேன் யூ பொரோ மீ’ என்பது பிழை, ‘கேன் யூ லெண்ட் மீ’ என்று கேளுங்கள். கடனுக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லி யாராவது ‘கேரண்டர்’ என்ற சொல்லோடு வந்தால் நின்று யோசியுங்கள். நீங்கள் பிணை நிற்கிறீர்கள், அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம் வரும். கட்டத் தவறிய நிலுவை ‘எரியர்ஸ்’. நகை அடகு ‘போனிங்’, மீட்பது ‘ரிடீம்’.

நிலையான வைப்பில் ஒரு சொல் காசைத் தீர்மானிக்கும்: ‘பெர் ஆனம்’, அதாவது ஆண்டுக்கு. மூன்று மாத வைப்புக்கு 8% என்று போட்டிருந்தால் ஒரு இலட்சத்துக்கு 8,000 ரூபா வராது, ஏறக்குறைய 2,000தான். அதிலும் ‘வித்ஹோல்டிங் டாக்ஸ்’ கழியும். 2025 ஏப்ரல் 1 முதல் அது 10%, ஆகவே கைக்கு வருவது 1,800. ஆண்டு வருமானம் 1,800,000 ரூபாவுக்கு மேற்படாதவர்கள் ‘செல்ஃப் டிக்ளரேஷன்’ படிவம் கொடுத்து இந்தக் கழிவைத் தவிர்க்கலாம், அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வைப்பு முடியும் நாள் ‘மெச்சூரிட்டி’. படிவத்தில் ‘ஒட்டோமெட்டிக் ரினியூவல்’ கட்டத்தில் அடையாளம் இட்டால், அன்றைய வீதத்தில் மறுபடியும் அதே காலத்துக்குக் காசு பூட்டப்படும். இடையில் எடுப்பது ‘பிரிமெச்சூர் வித்ட்ரோவல்’, வட்டி குறையும்.

காசோலையில் ‘பேயி’ காசு பெறுபவர், ‘ட்ரோவர்’ எழுதியவர். ‘ரிஃபர் டு ட்ரோவர்’ என்று திரும்பி வந்தால் பெரும்பாலும் அவர் கணக்கில் காசு போதவில்லை. ‘ஓர் பேரர்’ என்ற சொற்களை வெட்டாமல் கொடுத்தால், கொண்டுபோகிற எவரும் மாற்றலாம். இடது மூலையில் இரண்டு கோடு போட்டு ‘எக்கவுண்ட் பேயி ஒன்லி’ என்று எழுதினால் பெயருக்குரியவரின் கணக்கில்தான் விழும். ஆறு மாதம் தாண்டினால் ‘ஸ்டேல்’, வங்கி ஏற்காது.

கவுண்டருக்கு இரண்டு வசனம் போதும். விளங்காத கழிவுக்கு: ‘வட் இஸ் திஸ் சார்ஜ் ஃபோர்?’ விளங்காத படிவத்துக்கு: ‘குட் ஐ டேக் திஸ் ஹோம் அண்ட் ரீட் இட்?’ இரண்டாவதைக் கேட்கத் தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை.

யாராவது போனில் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசி, ‘டு ரிசீவ் த மணி’ என்று சொல்லி ஓடிபி (போனுக்கு வரும் ஒருமுறை இரகசிய இலக்கம்) கேட்டால் உடனே போனை வையுங்கள். காசு உங்களுக்கு வருவதற்குக் கணக்கு இலக்கம், பெயர், வங்கி, கிளை போதும். அதற்கு ஓடிபியும் பின் இலக்கமும் தேவையில்லை, அவை இன்னொருவர் கைக்குப் போனால் காசு வெளியே போய்விடும்.