நான்கு ரேம்களும் 6000 வேகமும்

வணக்கம். ரைசன் 9 7950எக்ஸ் செயலி கொண்ட கணினியில் இரண்டு டிடிஆர்5 ரேம்கள் 6000 வேகத்தில் (நொடிக்கு இத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றங்கள்) சீராக ஓடின என்றும், அதே வகையில் மேலும் இரண்டைச் செருகியதும் திரையே வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ரேம் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு ரேம்களுக்கு 5200 வரை உறுதியளிக்கும் செயலித் தயாரிப்பாளர் ஏஎம்டி, நான்கு செருகினால் 3600 மட்டுமே என்கிறது. அதற்கு மேற்பட்டதெல்லாம், எக்ஸ்போ (ரேமின் கூடுதல் வேகத்தைத் தானே அமைக்கும் ஏஎம்டி வசதி) உட்பட, ஓவர்கிளாக்கிங்தான், அதாவது உறுதியளித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவதுதான். பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளை) இயல்புநிலைக்கு மீட்டு 3600-இல் தொடங்குங்கள். முதல்முறை ரேமைச் சோதித்துப் பொருத்திக்கொள்ளக் கணினிக்குப் பல நிமிடங்கள் ஆகலாம் என்பதால், பதறி மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள் (நான் இருமுறை நிறுத்தியவன்). பிறகு படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். செயலியின் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குச் செல்லும் எஸ்ஓசி மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். விளையாட்டுக்கு மட்டுமெனில், கொள்ளளவு கூடிய இரண்டு ரேம்களாக மாற்றிக்கொள்வதே மேல்.