டியூஷன் எடுத்துக் குடும்பம் நடத்த முடியுமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நான் பி.எஸ்ஸி. கணிதமும் பி.எட்.டும் முடித்தவள். இரண்டாவது குழந்தை பிறந்தபின் பள்ளி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். மூன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். ஞாயிறு தவிர மற்ற நாள்களில் மாலை ஐந்தரை மணி முதல் எட்டு மணி வரை எல்லாப் பாடங்களும் சொல்லித் தருகிறேன். தலைக்கு 500 ரூபாய் வாங்குகிறேன். வருமானம் 6,000 ரூபாயைத் தாண்டவே இல்லை. இன்னும் பிள்ளைகளைச் சேர்க்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதுள்ள ஏற்பாட்டில் ஒரு பிள்ளையைக்கூடக் கூடுதலாகச் சேர்க்க வேண்டாம். நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம், மாதத்துக்கு 26 நாள் என்று வைத்துக்கொண்டால் 65 மணி நேரம் உழைக்கிறீர்கள். மணிக்கு உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 92 ரூபாய். பிள்ளைகள் பக்கமிருந்து பார்த்தாலும் 150 நிமிடத்தைப் பன்னிரண்டு பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்குப் பன்னிரண்டரை நிமிடம்தான் வருகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய்ப்பாடு கேட்டு முடிப்பதற்குள் பத்தாம் வகுப்பு மாணவன் தேற்றத்தின் நடுவில் நின்றுகொண்டிருப்பான். நீங்கள் கணிதப் பட்டதாரியாக இருந்தும், பெற்றோர் உங்களுக்குத் தருவது பிள்ளைகளை வீட்டுப்பாடம் எழுத வைத்துப் பார்த்துக்கொள்வதற்கான தொகை. அந்த வேலைக்கு எந்த ஊரிலும் இதற்கு மேல் தர மாட்டார்கள்.

உங்கள் பலம் கணிதம். வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு மட்டும் தனி வகுப்பு ஒன்றைத் தொடங்குங்கள். திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் ஆறு மணி முதல் ஏழேகால் வரை போதும். எட்டுப் பேர் சேர்ந்து, தலைக்கு 800 ரூபாய் தந்தால் 6,400 ரூபாய். அதற்கு நீங்கள் செலவிடுவது மாதம் பதினாறு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். மணிக்கு ஏறத்தாழ 390 ரூபாய் என்றாகிறது. (800 என்பது கணக்குக்காகச் சொன்னது, உங்கள் பகுதியில் ஒற்றைப் பாடத்துக்கு நடப்பில் உள்ள கட்டணத்தை விசாரித்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.) செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாள்களில் அதே நேரத்தை எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் கணிதத்துக்கு ஒதுக்கினால், அடுத்த ஆண்டின் பத்தாம் வகுப்புக்குப் பிள்ளைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சின்னப் பிள்ளைகளை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் அக்காளும் தம்பியும் ஒரே டியூஷனுக்கு வருவார்கள். தம்பியை வேண்டாமென்றால் அடுத்த வாரமே அக்காளும் வேறிடம் போய்விடுவாள். பெரிய வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்கு மட்டும் நாலே முக்கால் முதல் ஐந்தே முக்கால் வரை ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களின் பெற்றோரிடம் ஏப்ரலிலேயே சொல்லிவிடுங்கள். ஆண்டின் நடுவே கைவிட்டால் தெருவில் பெயர் கெடும்.

எந்த மாணவரை நம்பித் தொடங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் வகுப்புக்குப் பெயர் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பிள்ளை நீங்கள் இல்லாவிட்டாலும் மதிப்பெண் வாங்கியிருக்கும் என்பது ஊருக்கே தெரியும். காலாண்டுத் தேர்வில் 22 வாங்கி, கணிதத்தில் தேறுவானா என்று வீடே கவலைப்படும் பிள்ளைதான் உங்களுக்கு விளம்பரம். பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10, கடைசியில் எட்டு மதிப்பெண் வினாக்கள் 2. அந்தக் கடைசி இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். ஒத்த முக்கோணம், தொடுகோடு, அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்து முக்கோணம் வரைதல், இருபடிச் சமன்பாட்டின் வரைபடம் என்று எண்ணிவிடக்கூடிய வகைகளே அங்கே வரும். கவராயமும் அளவுகோலும் கையில் பழகினால் சூத்திரம் மறக்கும் பிள்ளைகூட 16-இல் 12 வாங்கிவிடும். புத்தகத்தில் அலகுக்கு அலகு உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களைத் தினம் பத்து நிமிடம் கேட்டு வந்தால் 14-இல் 10 வரும். இதுவே 22. தேர்ச்சிக்கு வேண்டிய 35-க்கு இன்னும் 13 குறைகிறது. உறவுகளும் சார்புகளும் பாடத்தில் ஒரு சார்பை அம்புக்குறிப் படம், அட்டவணை, வரிசைச் சோடிகள், வரைபடம் என நான்கு வகையில் எழுதும் ஐந்து மதிப்பெண் கணக்கு, கார்டீசியன் பெருக்கலைச் சரிபார்க்கும் கணக்கு, திட்ட விலக்கம் ஆகியவற்றில் அதைத் தேடலாம். ஜூன் மாதத்தில் முதல் பாடத்திலிருந்து வரிசையாக நடத்திக்கொண்டு போவதைவிட, இத்தகைய பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் வரைபடத் தாளும் கவராயமுமாகக் கழிவது நல்லது. காலாண்டில் 22 வாங்கியவன் அரையாண்டில் 41 வாங்கினால், ஜனவரியில் அவன் தாயே மூன்று பேரை அழைத்துக்கொண்டு வருவார்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக டியூஷன் எடுக்கிறேன். கட்டணம் கேட்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. "அடுத்த வாரம் தருகிறேன்" என்பார்கள். தீபாவளி, பொங்கல் மாதங்களில் பாதிதான் தருவார்கள். மார்ச் மாதம் திடீரென்று நின்றுவிடுகிறார்கள். நாத்தனார் மகனுக்கு ஒரு பைசா வாங்கியதில்லை.
– வாசகி, விருதுநகர்

பதில்: மாத முடிவில் வாங்கும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். மாதம் தொடங்கி ஐந்தாம் தேதிக்குள் தர வேண்டும் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே, பேச்சோடு விடாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்தத் தாளில் வகுப்பு நாள்கள், நேரம், எந்தெந்த விடுமுறைக்கு வகுப்பு இல்லை, பிள்ளை தானாக வராத நாளுக்குக் கட்டணம் குறையாது, நீங்கள் எடுக்காத வகுப்புக்கு ஈடு வகுப்பு உண்டு ஆகிய நான்கைந்து வரிகள் இருந்தால் போதும். தீபாவளி மாதத்தில் பாதி தருவது பெற்றோரின் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். அந்த மாதம் எத்தனை வகுப்பு என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் எழும் பேரம் அது.

மார்ச் சிக்கலுக்கு வேறு வழி இருக்கிறது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குப் பிப்ரவரியில் பள்ளியிலேயே திருப்புதல் தேர்வுகள் தொடர்ச்சியாக நடப்பதால், வீட்டில் இருந்து படிக்கட்டும் என்று பெற்றோர் நிறுத்திவிடுவார்கள். நீங்கள் அதிகம் உழைக்க வேண்டிய மாதமும் அதுதான். ஆகவே ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதத்துக்கு ஆகும் மொத்தத் தொகையை முதலிலேயே சொல்லி, அதை ஜூன் முதல் பிப்ரவரி வரை ஒன்பது தவணையாகப் பிரித்துவிடுங்கள். 8,000 ரூபாய் என்றால் மாதம் 890 ரூபாய் போல வரும். மார்ச்சில் அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் கணக்கு நிற்காது. வந்தால் "கட்டணம் இல்லாமல் நடத்துகிறார்" என்ற நல்ல பேரும் கிடைக்கும். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் வரவு இராது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் வருவதைப் பன்னிரண்டால் வகுத்தால் கிடைப்பதையே உங்கள் மாத வருமானமாகக் கருதுங்கள். கையில் கூடுதலாக வரும் மாதத்தை நம்பிச் சீட்டுப் போட்டவர்கள் மே மாதத்தில் தவணை கட்ட முடியாமல் திண்டாடுவார்கள்.

நாத்தனார் மகனைப் பொறுத்தவரை, இலவசமாகச் சொல்லித் தருவது என்று முடிவெடுத்துவிட்டால் அதை நிறைவோடு செய்யுங்கள். மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே சொல்லித் தருவதில் இருவருக்கும் பயனில்லை. ஆனால் ஒரு வகுப்பில் ஓர் இடத்துக்கு மேல் இலவசம் கூடாது என்று எல்லை வைத்துக்கொண்டு, அடுத்த உறவினர் வரும்போது "இந்த ஆண்டு அந்த இடம் போய்விட்டது அண்ணி" என்று சொல்லப் பழகுங்கள்.

கேள்வி: மெட்ரிக் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என்னிடம் படிக்கும் பிள்ளைகளே மாலையில் டியூஷனுக்கு வர விரும்புகிறார்கள். எடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கூடாது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, எந்த ஆசிரியரும் தனிப்பயிற்சியில் ஈடுபடக் கூடாது என்கிறது. பல தனியார் பள்ளிகளின் பணி ஆணையிலும் இதே நிபந்தனை இருக்கும். எடுத்துப் படித்துப் பாருங்கள். சட்டத்தை விட்டாலும், வகுப்பில் நீங்களே மதிப்பெண் போடும் பிள்ளையிடம் மாலையில் காசு வாங்கினால், வராத பிள்ளைகளின் பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. டியூஷன்தான் வழி என்றால் பள்ளியை விட்டபின் தொடங்குங்கள்; அதற்குமுன் ஆறு மாதச் செலவுக்கான பணம் கையிருப்பில் இருக்கட்டும்.

கேள்வி: எம்.ஏ. தமிழ் படித்திருக்கிறேன். வெளிநாட்டில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையவழியில் தமிழ் கற்பித்தால் நல்ல வருமானம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்மைதான், ஆனால் எந்த நாடு என்பதைப் பொறுத்து வேலையே மாறிவிடும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடமாக இருக்கிறது. ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் பி.எஸ்.எல்.இ. தேர்விலும் அதற்கு இடமுண்டு. எழுத்துத் தாளோடு வாய்மொழித் தேர்வும் கேட்டல் தேர்வும் உண்டு என்பதால், நம்மூர் இலக்கண நூலை வைத்துக்கொண்டு நன்னூல் சூத்திரம் நடத்தினால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. படத்தைப் பார்த்துப் பேசவும், உரையாடவும் பழக்க வேண்டும். அந்நாட்டுப் பாடநூல்களை வாங்கி, ஒரு பருவம் நீங்கள் படித்தபின் மாணவரைத் தேடுங்கள்.

நேரக் கணக்கும் உங்களுக்குச் சாதகமே. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே மாலை ஐந்து மணி என்றால் இங்கே பிற்பகல் இரண்டரை. உள்ளூர்ப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும், உங்களுக்கு வேறு வேலை இல்லாத நேரம் அது. துபாய், அபுதாபி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அவர்களின் மாலை ஆறு மணி நமக்கு ஏழரை. உள்ளூர் வகுப்போடு மோதும். அங்குள்ள பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் தேர்வுப் பாடமாகவே இராது. தாத்தா பாட்டியோடு பேசவும், பேருந்துப் பலகை படிக்கவும் தெரிந்தால் போதும் என்பார்கள். ஆர்வத்துக்காகச் சேர்பவர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வந்து போனால் நின்றுவிடுவதும் உண்டு. இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டால் வருமானம் ஓரளவு சீராக இருக்கும்.

கேள்வி: என்னிடம் இப்போது நாற்பது மாணவர்கள். மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு, இன்னோர் ஆசிரியரையும் வைத்து விரிவாக்க எண்ணுகிறேன். வரி, பதிவு எதுவும் தேவையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கீற்றுக் கொட்டகை வேண்டவே வேண்டாம். 2004 ஜூலையில் கும்பகோணத்தில் கூரைத் தீயால் 94 குழந்தைகள் இறந்த மாநிலம் இது. இரண்டு பக்கம் வழியுள்ள, காற்றோட்டமான அறையைத் தரைத்தளத்தில் வாடகைக்குப் பிடியுங்கள். வாடகை கூடினாலும் பரவாயில்லை.

2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டு நெறிமுறைகள், ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் இடத்தையே பயிற்சி மையமாகக் கொள்கின்றன. அதைத் தாண்டும்முன் பதிவு, ஆசிரியரின் கல்வித்தகுதி, இடையில் விலகுபவர்க்கு மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தருவது ஆகியவற்றை உங்கள் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டியூஷன் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விகிதம் 18 சதவீதம் என்றாலும், ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு செய்ய வேண்டும். வருமான வரியைப் பொறுத்தவரை, 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியிராது. ஆனால் 4 லட்சத்தைத் தாண்டினாலே கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். தாண்டாவிட்டாலும் தாக்கல் செய்துவிடுங்கள்; வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போகும் நாளில் முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்கள்தான். அதற்காகக் கட்டணத்தை ரொக்கமாக வாங்காமல் தனியான ஒரு வங்கிக் கணக்கில் யு.பி.ஐ. வழியாகவே பெறுங்கள், புதிதாகச் சேரும் ஆசிரியருக்கும் சம்பளத்தை அதே கணக்கிலிருந்து அனுப்புங்கள்.