சைக்கிளைப் பேட்டரியில் எரியும் எல்இடி ஸ்ட்ரிப் விளக்குகளால் அலங்கரிப்பது எப்படி?

சைக்கிளின் ஃபிரேமில் இரண்டு மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப்பை ஒட்ட விரும்புவதாகவும், மூன்று பென்சில் பேட்டரிகள் போடும் பெட்டி அதற்குப் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. பலரும் விளக்கின் நிறத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பேட்டரியைப் பிறகு தேடுகிறார்கள். பேட்டரியை முதலில் முடிவு செய்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும் என்பதே என் கருத்து.

மீட்டருக்கு 60 விளக்குகள் கொண்ட சாதாரண ஒற்றை நிற ஸ்ட்ரிப், மீட்டருக்கு ஏறத்தாழ 5 வாட் மின்சாரம் எடுக்கும். 5050 என்ற எண்ணுடன் வரும் பெரிய விளக்குகள் அதே எண்ணிக்கையில் இருந்தால் 14 வாட் வரை எடுக்கும். முதல் வகையில் இரண்டு மீட்டர் என்றாலே 10 வாட். அதாவது 5 வோல்ட்டில் 2 ஆம்பியர். இவ்வளவு மின்சாரத்தைப் பென்சில் பேட்டரிகளால் நெடுநேரம் தர இயலாது. சற்று நேரத்திலேயே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும். செல்பேசிக்குப் பயன்படும் 10,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்கில் 37 வாட் மணி ஆற்றல் இருக்கும்; அந்த அளவு உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கானது என்பதால், 5 வோல்ட்டாக மாற்றும்போது ஏற்படும் இழப்பைக் கழித்து 30 என்று வைத்துக்கொண்டால், உங்கள் விளக்குகள் சுமார் மூன்று மணி நேரம் ஒரே சீராக எரியும். ஆகவே 5 வோல்ட் யூஎஸ்பி ஸ்ட்ரிப்பும் பவர் பேங்கும்தான் நான் பரிந்துரைக்கும் இணை. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை இதில் நேரடியாகச் சொருகினால் எரியாது.

பென்சில் பேட்டரி பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. மெல்லிய செம்புக் கம்பியில் சிறு சிறு புள்ளிகளாக எரியும் சர விளக்குகள் மிகக் குறைந்த மின்சாரமே எடுப்பதால், அவற்றுக்கு அந்தப் பெட்டியே பொருத்தமானது. அதே சரத்தைப் பவர் பேங்கில் இணைத்தால், எந்தக் கருவியும் இணைக்கப்படவில்லை என்று கருதிப் பல பவர் பேங்குகள் சிறிது நேரத்தில் தாமாகவே அணைந்துவிடும்.

ஸ்ட்ரிப்பை நினைத்த இடத்திலெல்லாம் வெட்டக்கூடாது. கத்தரிக்கோல் குறியிட்ட கோடும் அதன் இருபுறமும் செம்புப் பொட்டுகளும் உள்ள இடத்தில் மட்டுமே வெட்ட வேண்டும். நீர் புகாமல் இருக்க மேலே சிலிக்கான் பூசப்பட்டிருந்தால், அந்தப் பொட்டுகளின் மேலுள்ள பூச்சைப் பிளேடால் மெல்லச் சீவிய பிறகே ஒயரைப் பற்றவைக்க (சால்டரிங் செய்ய) முடியும். பற்றவைத்த முனையையும் வெட்டிய மறுமுனையையும் மீண்டும் சிலிக்கான் பசையால் அடைத்துவிடுங்கள், ஏனெனில் மழைநீர் பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான் நுழையும். பிளஸ், மைனஸ் மாறினால் விளக்கு எரியாது. மாற்றி இணைத்தால் போதும். 5 வோல்ட்டில் நீளமான ஸ்ட்ரிப்பின் கடைசிப் பகுதி மங்கலாகத் தெரியும் என்பதால், இரண்டு மீட்டரையும் ஒரே துண்டாக விடாமல், ஒரு மீட்டர் வீதம் இரண்டாக வெட்டித் தனித்தனி ஒயர் கொடுப்பது நல்லது.

ஒட்டுவதற்கு முன் ஃபிரேமில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, நன்கு உலர விடுங்கள். பின்புறப் பசையை மட்டும் நம்பாமல், ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு கேபிள் டை போடுங்கள். அதை விளக்கின் மேல் அழுத்தாமல் இரு விளக்குகளுக்கு இடையே போட வேண்டும். ஸ்ட்ரிப் மேலும் கீழுமாக வளையுமே தவிரப் பக்கவாட்டில் வளையாது. வலிந்து திருப்பினால் உள்ளிருக்கும் செம்புத் தடம் அறுந்துவிடும். விளக்குகளை ஃபிரேம் குழாயின் அடிப்பக்கத்தில் தரையைப் பார்க்கும்படி ஒட்டினால், ஓட்டுபவருக்கும் எதிரே வருபவருக்கும் கண் கூசாது, சாலையிலும் வெளிச்சம் அழகாகப் படரும். (பக்கவாட்டில் ஒட்டுவது படத்தில் எடுப்பாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை.)

சக்கரத்தில் ஒட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சுழலும் சக்கரத்துக்கு ஃபிரேமிலிருந்து ஒயர் இழுத்தால் அது முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். எனவே பேட்டரியும் சக்கரத்தோடே சுற்ற வேண்டும். ஆரக்கம்பிகளில் மாட்டுவதற்கென்றே சிறு பேட்டரியுடன் வரும் விளக்குகள் இருக்கும்போது, அங்கே ஸ்ட்ரிப்பை ஒட்டுவது வீண் வேலை. பிரேக் கட்டை உரசும் ரிம் பரப்பில் எதையும் ஒட்டவே கூடாது.

நிறத்தைப் பொறுத்தவரை, முன்பக்கம் சிவப்பு வேண்டாம். சிவப்பு தெரிந்தால் அதை வண்டியின் பின்பக்கம் என்றே மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சிவப்பும் நீலமுமாக மாறி மாறி மின்னுவது பல நாடுகளில் காவல், அவசர ஊர்திகளுக்கு உரியது என்பதால் அதையும் தவிர்த்துவிடுங்கள். இந்த அலங்காரம் முன்விளக்குக்கும் பின்விளக்குக்கும் மாற்று ஆகாது. அவை தனியே எரிய வேண்டும்.

பவர் பேங்கைச் சீட்டுக்கு அடியிலுள்ள பையில் வைத்து, ஒயரைச் செயினும் பெடலும் தொடாத பக்கமாகக் கொண்டு செல்லுங்கள். ஹேண்டில்பார் வரை விளக்கு வைப்பதாக இருந்தால், கேபிள் டைகளை இறுக்குவதற்கு முன் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பிப் பார்த்து, ஒயர் இழுபடாத அளவுக்கு அங்கே தளர்வு விட்டுவிடுங்கள்.