பத்து வருடத்துக்கு மேல் ஆன லேப்டாப்பில் லினக்ஸ் போட்டால் தேறுமா, இல்லை தூக்கிப் போட்டுவிடலாமா?

தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டால் தேறும். என் அப்பாவின் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் "இது இனி குப்பைதான்" என்று சொன்னார் கம்ப்யூட்டர் தெரிந்த உறவினர் ஒருவர். அப்பா பதில் பேசாமல் அதை மூடிப் பையில் வைத்தார். அது மனதில் இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களுடையதிலும் விண்டோஸ் 10 தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி லேப்டாப்பில் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். பழைய இயந்திரங்களுக்கு அங்கே இடமில்லை.

அப்பாவுடையது 2011 மாடல். இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போவார். திரும்பி வரும்போதும் டிஸ்க் விளக்கு விடாமல் மின்னிக்கொண்டிருக்கும்.

முதலில் கோப்புகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்தேன். அப்புறம் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். நீங்களும் இதைக் கட்டாயம் செய்யுங்கள், டிஸ்க்கில் எதுவும் அழியாது. சத்தம், திரை, டச்பேட் எல்லாம் வேலை செய்தன. வைஃபை மட்டும் வரவில்லை. பிராட்காம் சிப். ஒரு ராத்திரி முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் மின்ட்டை டிஸ்க்கிலேயே நிறுவிவிட்டு, போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் நெட்டைக் கொடுத்தேன். மின்ட்டில் இருக்கும் டிரைவர் மேனேஜரே அந்தச் சிப்பை இயக்கத் தேவையான மென்பொருளை, அதாவது டிரைவரைக் காட்டியது. அதை நிறுவி ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை வந்துவிட்டது. விடிந்ததும் அப்பாவை எழுப்பிக் காட்டினேன்.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். சும்மா இருக்கும்போது ராம் 1 ஜிபிக்கும் குறைவாகத்தான் போனது, ஆனால் எதைத் திறந்தாலும் தாமதம் இருந்தது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதே இடத்தில் பொருந்தும் சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை (சுழலும் பாகம் இல்லாத, வேகமான சேமிப்பகம்) போட்ட பிறகுதான் ஆளே மாறியது. "அப்படியானால் வேகம் எஸ்எஸ்டியால்தானே, லினக்ஸுக்கு என்ன பெருமை?" என்று கேட்பீர்கள். வேகத்தில் பெரும்பங்கு எஸ்எஸ்டிக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பு அப்டேட்டுகளை எஸ்எஸ்டி தராது. மின்ட் 22-க்கு 2029 வரை அவை வரும். விண்டோஸ் மோசம் என்றும் நான் சொல்லவில்லை. ஃபோட்டோஷாப் இல்லாமல் முடியாது என்பவர்கள் அங்கேயே இருப்பதுதான் சரி. எம்எஸ் ஆஃபீஸுக்குப் பதிலாக லினக்ஸில் பயன்படுத்தும் லிப்ரே ஆஃபீஸிலும் சில வேர்ட் கோப்புகளின் அமைப்பு கலையும்.

இதைச் சொல்லாமல் விட முடியவில்லை: அந்தப் பழைய லேப்டாப்பின் அடியில் சில திருகுகளைக் கழற்றினால் ராமும் டிஸ்க்கும் கைக்கு வந்துவிடுகின்றன. நான் ஆசையாக வாங்கிய புதியதில் ராம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. நாளைக்கு 8 ஜிபி போதாமல் போனால் நான் என்ன செய்வது? காசு கொடுத்து வாங்கிய பொருளில் ஒரு பாகத்தைக்கூட மாற்ற முடியாது என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ப்ராசஸர் 64 பிட்டா என்று முதலில் பாருங்கள். 32 பிட் என்றால் மின்ட் 22 ஓடாது. ராம் 4 ஜிபி இருந்தால் தைரியமாக இறங்கலாம், பிரவுசரில் மட்டும் நிறைய டேப் திறந்து வைக்காதீர்கள்.

அப்பா இப்போது செய்தி படிப்பது, கடிதம் அடிப்பது, வீடியோ பார்ப்பது எல்லாம் அதில்தான். மாற்றிக் கொடுத்த அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "சீட்டாட்டம் எங்கே?" சாப்ட்வேர் மேனேஜரில் ஐல்ரயட் என்று தேடி நிறுவிக் கொடுத்தேன். அதில் 80-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக ஆடிக்கொண்டு வருகிறார்.