மணி கோக்கும் கேள்விகள்: மே லீவுக்குள் ஒரு வாசல் தோரணம்

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய கையோடு மணி வேலைக் கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. வீடு நிறைய ஆட்கள், பள்ளிக்கூடமும் கிடையாது, வேறென்ன செய்வார்கள்! ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். பாதிப் பேருக்கு மணியில் சிக்கல் இல்லை, நூலில்தான் சிக்கல்.

அக்கா, நானும் ஓரகத்தியும் பிள்ளைகளும் சேர்ந்து தோரணம் கோத்தோம். மணியை எண்ணித்தான் போட்டோம், ஆனாலும் சரங்கள் ஏற்ற இறக்கமாகத் தொங்குகின்றன. (திருமங்கலம்)

எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் இழுக்கிற கை ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் இறுக்குவார், பிள்ளைகள் தொளதொளவென்று விடுவார்கள். அதனால் கோப்பதை எல்லாரும் செய்யட்டும், முடிச்சு மட்டும் ஒரே கை போடட்டும். அதுவரை நூல் முனையில் துணிக் கிளிப்பை மாட்டி வையுங்கள். யார் முடிச்சுப் போடுவது என்று போட்டி வந்தால் மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். யாரும் குறை சொல்ல முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. 4 மி.மீ. என்று போட்டிருக்கும் இரண்டு பாக்கெட்டில் மணி ஒரே அளவாக இருக்காது, நிறமும் லேசாக மாறும். எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டிக் கலந்துவிட்டுக் கோக்க உட்காருங்கள்.

கணக்கு கேட்டவர்களுக்கு: 3 அடி வாசலுக்கு 2 அங்குலத்துக்கு ஒன்றாக 19 சரம் வரும். சரம் 4 அங்குலம் என்றால் 4 மி.மீ. மணி 25 பிடிக்கும். ஆக 475. மேல்கயிற்றுக்குத் தனி. ஓட்டை அடைத்ததும் உடைந்ததும் எப்படியும் கிடக்கும், கொஞ்சம் கூடவே வாங்குங்கள்.

பூக்கட்டுகிற நூல் போதாதா? (அவனியாபுரம்)

போதாது. கண்ணாடி மணியின் ஓட்டை விளிம்பு கூராக இருக்கும், பருத்தி நூலை அறுத்துவிடும். தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பு வாங்குங்கள். 2 மி.மீ. மணிக்கு 0.25 மி.மீ. நரம்பு, பெரிய மணிக்கு 0.35 அல்லது 0.4. நரம்பில் ஒற்றை முடிச்சு நிற்காது, வழுக்கிக் கழன்றுவிடும். இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்ச முனையை நாலைந்து மணிக்குள் திருப்பி விட்டு, அப்புறம் வெட்டுங்கள். முனையில் ஊதுபத்தி நெருப்பை லேசாகக் காட்டினால் உருகிக் குமிழாகும். பிளாஸ்டிக் மணி என்றால் அந்த வேலையே வேண்டாம். எலாஸ்டிக் கையில் போடும் பாசிக்கு மட்டும்தான். தோரணத்துக்குப் போட்டால் கொஞ்ச நாளில் தொய்ந்துவிடும்.

ஊசி என்ன நம்பர் வாங்க?

நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். 2 மி.மீ. மணிக்கு 10. ஒரே மணிக்குள் இரண்டு மூன்று தடவை போக வேண்டுமென்றால் 12.

எங்கள் அப்பத்தா துணியில் மணி வைத்துத் தைத்த கிளி உருவப் படம் ஓரத்தில் உதிர்கிறது. பிரித்துப் புதிதாகத் தைக்கலாமா? (எல்லீஸ் நகர்)

பிரிக்கவே பிரிக்காதீர்கள். முதலில் முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள், எந்த நிறம் எங்கே என்று அதில்தான் தெரியும். உதிர்ந்த மணியை ஒரு டப்பாவில் போடுங்கள். பழைய மணியின் நிறம் இப்போது கடையில் அப்படியே கிடைப்பது சந்தேகம். தொங்குகிற பழைய நூலை வெட்ட வேண்டாம். மெல்லிய புது நூலால், இரண்டு மணிக்கு ஒரு தையல் வீதம், அதைத் துணியோடு சேர்த்துப் படுக்க வைத்துத் தைத்தால் உதிர்வது நிற்கும். பிறகு காலியான இடத்தை நிரப்பலாம். தண்ணீரில் முக்காதீர்கள், உலர்ந்த மென்மையான பிரஷ் போதும். வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம், ரோஸும் ஊதாவும் முதலில் வெளுக்கும்.

படத்தைக் கேட்டு மூன்று சித்திகள் வரிசையில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். துண்டு போட்டுப் பிரிக்கிற யோசனை மட்டும் வேண்டாம், தாயே.

விளாச்சேரி கொலு பொம்மைக்கு மணிமாலை போட்டால் கழுத்தில் சாயம் போகிறது. (மேலூர்)

மண் பொம்மையின் சாயத்தை நரம்பு சுரண்டுகிறது. கழுத்தின் பின்புறம் வருகிற இரண்டு அங்குலத்துக்கு மணியே வேண்டாம், மெத்தென்ற பருத்தி நூலை மாட்டுங்கள். கொலு முடிந்ததும் மாலையைக் கழற்றித் தனியே வையுங்கள்.

கீழடியில் கிடைத்த மணிகள் எதால் செய்தவை? நான் ஏழாம் வகுப்பு. (சிலைமான்)

கண்ணாடி மணி உண்டு, சூதுபவளம், அகேட் போன்ற கல்மணிகளும் உண்டு தம்பி. பழங்காலத்தில் சின்னக் கண்ணாடி மணி செய்த ஒரு முறை இது: உருகிய கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடு காட்டி விளிம்பை மழுக்குவார்கள். உன் ஊருக்குப் பக்கத்தில்தான் 2023இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லில் எவ்வளவு மெல்லிசாகத் துளை போட்டிருக்கிறார்கள் என்று உற்றுப் பார்.

பேரனுக்கு இரண்டு வயது. பக்கத்தில் வைத்துக்கொண்டு கோக்கலாமா?

கூடாது. வாய், மூக்கு, காது எதில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்வான். மூக்கில் போய்விட்டால் தோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போகும். நேரே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

மதுரை புது மண்டபத்தில் மணி வாங்கிக்கொண்டிருந்தோம். இப்போது எங்கே போக?

அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது உங்களிடம் இருக்கும் மணியில் இரண்டை நூலோடு எடுத்துப் போங்கள். ஈரமான வெள்ளைத் துணியில் புது மணியைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வாங்காதீர்கள்.